தையலக்கா வீட்டு மெயில்

மெஷின் பெடலை மிதித்தபடியே ஜன்னல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார் தையலக்கா. "பிளம்பர் தம்பி, உனக்கு ஏதோ வந்திருக்கு. பார்த்துட்டு எல்லாத்தையும் அழிச்சிடாதப்பா, கீழ டிரைவரோடது இருக்கு!"

அந்தக் குடியிருப்பில் மெயில் என்றால் அக்காவுடையதுதான். துணி வரவழைக்கத் தொடங்கிய கணக்கு. முதலில் பிளம்பர் கேட்டார், பிறகு டிரைவர், அப்புறம் இஸ்திரிக்காரர் மனைவி. கேட்டவர்களுக்கெல்லாம் பாஸ்வேர்டைச் சொன்னார்; அதுவும் மெஷின் சத்தத்தை மிஞ்சும் குரலில். "இதுல என்ன தேஞ்சா போயிடும்?" என்பார். அடுத்தவர் மெயிலைத் திறக்கமாட்டார். தலைப்பைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிப்பதோடு சரி. "பல் டாக்டர்னு போட்டிருக்கு. உன் மாமனாருக்குத்தானே?"

மாடிவீட்டுப் பெண், பிள்ளை பிறந்ததும் வேலையை விட்டவள். மறுபடி தேடிக்கொண்டிருந்தாள். ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து வேலைக்கான பதில் வரவேண்டிய அன்று பார்த்துக் கணக்கு பூட்டிக்கொண்டது. ஒரே சமயத்தில் இத்தனை பேர் நுழைவது சந்தேகமாக இருக்கிறதாம். அக்கா போனுக்கு வரும் எண்ணைப் போட்டால் திறக்கும். ஆனால் அவர் கண்ணாடியை மாட்டுவதற்குள் பிளம்பர் புது எண் கேட்டுவிடுவார். பழையது செல்லாமல் போய்விடும். அடுத்து டிரைவர். உதவுகிறேன் பேர்வழி என்று ஆளாளுக்கு அழுத்த, கணக்கு மசிவதாக இல்லை.

"இன்னைக்கே பதில் சொல்லலைன்னா வேற ஆளை எடுத்துடுவாங்கக்கா." என்றாள் மாடிவீட்டுப் பெண்.

தையலக்கா எழுந்து வாசலுக்கு வந்தார். "எல்லாரும் போனைக் கொண்டாந்து என் மேஜையில வைங்க. ஒருத்தரும் கை வைக்கக் கூடாது."

"சவாரி வந்தா என்னக்கா பண்றது?" என்றார் டிரைவர்.

"வந்தா காத்திருக்கட்டும். வை."

துணி வெட்டும் மேஜையில் போன்கள் வரிசையாகப் படுத்தன. சொந்தக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அக்கா ஒவ்வொரு எண்ணாக வாய்விட்டுச் சொல்லி அழுத்தினார். திறந்தது. போனை அப்படியே மாடிவீட்டுப் பெண்ணிடம் நீட்டினார்.

வாசித்தவள் நிமிர்ந்தாள். "திங்கக்கிழமை வந்து சேரச் சொல்லியிருக்காங்கக்கா!"

அவள் பதில் தட்டி அனுப்பும்வரை ஒருவரும் தங்கள் போனைத் தொடவில்லை.

"இனிமே ஆளுக்கொரு மெயில் வெச்சுக்கறதுதான் நல்லது," என்று இழுத்தார் பிளம்பர்.

அக்காவின் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. ஆணியில் தொங்கிய அளவு டேப்பை எடுத்தார். மாடிவீட்டுப் பெண்ணைத் திருப்பி நிறுத்தி, ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு அதை இழுத்துப் பிடித்தார்.