விரதமும் கூட்டு மருந்தும்

எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் வாய்தான் கருவி. எதிரே இருப்பவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் அந்தக் கருவியும் பழுது. அம்பத்தூர், ஆவடிப் பக்கம் இந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது.

கூட வந்தவர்

அம்பத்தூரில் இரும்பு வார்க்கும் பட்டறையிலிருந்து ஓர் ஒடிசாக்காரர் வந்தார். பிகாஷ் என்று வைத்துக்கொள்வோம். மொழிபெயர்க்க அவருடைய மேஸ்திரியும் கூட வந்திருந்தார். நோயின் பெயர் மேஸ்திரி காதில் விழுந்தால், அண்ணனூரில் பிகாஷ் மற்றவர்களோடு தங்கியிருந்த அறையும் போகும், வேலையும் போகும். நோயாளியிடம் தனியாகத்தான் பேச வேண்டும், வெளியே இருங்கள் என்றேன். மேஸ்திரி கதவருகே நின்று திரும்பினார். "நானும் பூட்டா ரெண்டு பேரும் இன்னா மேடம் பண்ணுவீங்க, மூஞ்சியப் பாத்துகினு உக்காந்திருப்பீங்களா?"

குவார்ட்டர்ஸ் இந்தி

மருந்து கொடுக்கும் செல்விதான் காப்பாற்றினார். ஆவடி தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். வடநாட்டுக் குடும்பங்களோடு தண்ணீர்க் குழாயடியில் இந்தி கற்றவர். பிகாஷுக்கும் ஓரளவு இந்தி வரும். மூன்று மருந்து சேர்ந்த கூட்டு மாத்திரை, தினமும் இரவு ஒன்று, ஒரு நாள்கூட விடக் கூடாது, விட்டால் மருந்து கேட்காமல் போய்விடும் என்று நான் மெதுவாகச் சொன்னதை, செல்வி விரலை நீட்டி முழங்கினார். பிகாஷ் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். கொஞ்சம் அன்பாகச் சொல்லுங்களேன் என்றேன்.

"அந்த பாஷையில எனக்குச் சண்டை மட்டும்தான் மேடம் வரும்."

திங்கட்கிழமை

அடுத்த முறை டப்பாவில் மாத்திரைகள் மீந்திருந்தன. மறதியா, பயமா? செல்வி கேட்டுக் கேட்டு விஷயத்தை வெளியே கொண்டுவந்தார். நோய் போக வேண்டுமென்று பிகாஷ் சிவனுக்கு நேர்ந்துகொண்டு திங்கட்கிழமைகளில் விரதம் இருந்தார். விரத நாளில் மாத்திரையும் தொடமாட்டார். குணமாவதற்காக இருந்த விரதமே மருந்துக்குக் குறுக்கே நின்றது.

"நானும்தான் வெள்ளிக்கிழமை விரதம்" என்றார் செல்வி. "பிரஷர் மாத்திரையைப் போட்டுக்கிட்டுதான் கோயிலுக்குப் போறேன். அம்மன் ஒண்ணும் சொன்னதில்ல."

பிகாஷுக்கு செல்வி எப்போதும் 'தீதி', அதாவது அக்கா. யோசித்துவிட்டுச் சொன்னார்: "அது உங்க ஊர் சாமி, தீதி. எங்க ஊர் சாமி ஒத்துக்கணுமே?"

அம்மாவுக்கு ஒரு போன்

இதற்குப் பதில் எங்கள் பயிற்சியில் இல்லை. ஊரில் அம்மாவைக் கேளுங்கள், நோயின் பெயரைச் சொல்ல வேண்டாம், டாக்டர் தினமும் ஒரு மாத்திரை போடச் சொல்கிறார் என்றால் போதும் என்றோம். எங்கள் எதிரிலேயே பேசினார். ஒரியாவில் ஒரு வார்த்தையும் புரியாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா வேண்டாம் என்றுவிட்டால் அதன்பின் எங்கள் பேச்சு எடுபடாது. நடுவில் போனைக் கையால் பொத்திக்கொண்டு செல்வியைக் கேட்டார்.

"அந்த மாத்திரையில உப்பு இருக்கான்னு அம்மா கேக்குறாங்க."

பரிசோதனை முடிவு

அவர்கள் வீட்டு விரதத்தில் உப்புதான் ஆகாதாம். சாப்பாட்டு உப்பு கிடையாது என்றோம். அப்படியானால் விரதம் கெடாது என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார். பிறகு டப்பாவில் எதுவும் மீதமிருக்கவில்லை. சில மாதம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில், கிருமி கருவிக்கே தென்படாத அளவுக்குக் குறைந்திருந்தது. மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதே என்று செல்வி அதட்டினார். பிகாஷ் முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தீங்களா தீதி, விரதம் பலிச்சிடுச்சு."

பலித்தது எது என்று நாங்கள் வாதாடவில்லை; மாத்திரை தவறாமல் உள்ளே போகிறதென்றால், பெருமை எந்த ஊர் சாமிக்குப் போனாலும் எங்களுக்குச் சம்மதமே.