தோற்றவர் பரிமாறும் ஆட்டம்

யோகண்ணை செத்துப்போனார் என்பதற்கு முன்பாக, கார்ஜ் மைதானம் ஞாயிறு பத்து மணிக்குத்தான் திறக்கும் என்பதை நான் அறிந்துகொண்டேன். பாரிஸில், எங்கள் கடைகள் இருக்கிற லா சப்பலில், மெற்றோப் பாலத்தின் கீழ், முருங்கைக்காய்க் கட்டைக் கமக்கட்டுக்குள் இடுக்கிக்கொண்டு தொலைபேசியைத் திறந்தேன். எங்கள் உதைபந்தாட்ட ஒன்றியத்தின் வாட்ஸ்அப் குழுவில் கடைசியாக இருந்தது மைதானச் செய்தி. அதற்கு மேலே யாரோ பழைய சப்பாத்து விற்கிறார். அதற்கும் மேலே வரிசையாகக் கும்பிட்ட கைகள். விரலால் தள்ளித் தள்ளி மேலே போனபோதுதான் அவருடைய படம் வந்தது. வேலையால் வந்து படுத்தவர் எழும்பவில்லையாம். மாரடைப்பு. எனக்கு உடனே வந்தது அழுகை இல்லை, கோபம். அது இன்னும் போகவில்லை. இந்த அஞ்சலியையும் அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்; அவரை அறிந்த நீங்கள் பொறுத்துக்கொள்வீர்கள்.

அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். யோகநாதன் என்பது முழுப்பெயர். யாழ்ப்பாணத்தில் கல்லூரி அணிக்குப் பின்வரிசையில் நின்று ஆடியவர். பாரிஸில் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் சமையல்காரர். எங்கள் ஊர்க் கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்கள் இங்கே ஆளுக்கோர் அணி வைத்திருக்கின்றன. வசந்தம் தொடங்கியதும் எல்லா அணியும் எல்லா அணியோடும் ஒருமுறை ஆடும். கூடிய புள்ளி எடுத்தவருக்குக் கேடயம். நான் அந்த மைதானங்களில் ஒலிவாங்கி பிடிப்பவன். பந்து போகமுதல் இவன்ரை சத்தம் போயிடும் என்று யோகண்ணை என்னைப் பற்றிச் சொல்லுவார்.

2009ஆம் ஆண்டு எங்கள் போட்டிகள் பாதியில் நின்றன. ஏன் நின்றன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த மே மாதம் எங்களில் யாருக்கும் பந்தைத் தொட மனம் வரவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தொலைபேசி அழைப்புக்காகக் காத்திருந்தார்கள், அல்லது வந்துவிட்ட அழைப்போடு இருந்தார்கள். கோடை முடிகிற நேரம் யோகண்ணை ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினார். லா சப்பல் பிள்ளையார் தேர் முடிந்து வரும் ஞாயிறு ஒரேயொரு ஆட்டம் வைப்போம் என்றார். போட்டி நின்றபோது முன்னுக்கு நின்ற இரண்டு அணியும் ஆடட்டும், கேடயம் கீடயம் ஒன்றும் வேண்டாம் என்றார். செத்த வீட்டிலே என்ன விளையாட்டு என்று ஒரு கடைக்காரர் முகத்துக்கு நேரே ஏசினார். நான் பக்கத்தில் நின்றேன். யோகண்ணை கோபிக்கவில்லை.

“செத்த வீட்டிலையும் சமைக்கிறம்தானே அண்ணை,” என்றார். “சனம் ஒண்டா இருந்து சாப்பிட ஒரு சாட்டு வேணும். எனக்குத் தெரிஞ்ச சாட்டு இதுதான்.”

அந்த ஆட்டத்துக்கு அவர் ஒரு விதி வைத்தார். தோற்ற அணி பரிமாற வேண்டும்; வென்ற அணி இருந்து சாப்பிட வேண்டும். வென்றவர்கள் எழும்பிய பிறகு தோற்றவர்கள் இருப்பார்கள், அப்போது வென்றவர்கள் பரிமாறுவார்கள். அன்றைக்குத் தோற்றது அவருடைய அணிதான். ஆட்டிறைச்சிக் கறி நிறைந்த பெரிய சருவத்தைப் புல்லில் வைத்துவிட்டு, சேறு காயாத காற்சட்டையோடு அகப்பையை எடுத்தார். தன்னைக் கடந்து ஓடிப்போய்க் கோல் அடித்த பையனுக்கு இரண்டு அகப்பை கூடப் போட்டார். நல்லாச் சாப்பிடு, வாற வருசம் வயிறு தள்ளி ஓடேலாமல் போகட்டும் என்றார். அந்தப் பையன் சிரித்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு தட்டோடு அழுதான். அவனுடைய அண்ணன் எங்கே என்று அப்போது அவனுக்குத் தெரியாது, இப்போதும் தெரியாது. யாரோ அந்த நேரம் யோகண்ணையைப் படம் எடுத்தார்கள். அந்தப் படத்துக்கு நான் திரும்பவும் வருவேன்.

அடுத்த வருடமும் அதே ஞாயிறு, அதே விதி. நாங்கள் அதைக் கடைசி ஆட்டம் என்று கூப்பிடத் தொடங்கினோம். அதற்குப் பிறகு அந்த வருடத்தில் வேறு ஆட்டம் கிடையாது. முதலிரண்டு இடத்துக்குள் வந்தால்தான் அதில் ஆடலாம் என்பதால் சித்திரை மாதத்து மழையில் புறநகர் ஓல்னே-சூ-புவாவில் நடக்கிற ஆட்டத்துக்கும் உயிர் இருந்தது. ஒருமுறை அங்கே ஆட்டம் சமநிலையில் முடிந்து, ஒரு கோல்காப்பாளர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், திரும்பிவரும் ரயிலில் கையுறையைக் கழற்றாமல் அழுதுகொண்டு வந்தார். யோகண்ணை அவருக்குப் பக்கத்தில் இருந்து, முழுக்க அழுது முடிச்சிடாதை, கடைசி ஆட்டத்துக்கும் கொஞ்சம் வை என்றார். பெட்டி முழுக்கச் சிரித்தது. ஒரு சமநிலைக்கு அழுகிற அளவுக்கு அந்த ஆட்டங்களுக்குப் பெறுமதி இருந்தது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

பிறகு ஒன்றியத்துக்கு ஒரு யோசனை வந்தது. இரண்டு அணி காணாது, முதல் நான்கு அணிகளை எடுத்து அரையிறுதி, இறுதி என்று வைப்போம் என்றார்கள். கூடின ஆட்டம் என்றால் கூடின சனம், கூடின விளம்பரம். ஒரு உணவகத்தின் பின் அறையில் கூட்டம் நடந்தது. யோகண்ணை வேலை உடுப்போடு வந்து கடைசி வரிசையில் இருந்தார். தலைவர் பேசி முடித்ததும் எழும்பினார்.

“அடுத்த கிழமையும் ஆட்டம் இருக்கெண்டால், இந்தக் கிழமை ஆர் விழுந்து விழுந்து ஓடுவான்?”

ஓல்னேயிலிருந்து வந்திருந்த ஒரு தாய் அதற்குப் பதில் சொன்னார். தன் மகன் ஆடுவது ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தின் அணி, ஒருநாளும் முதலிரண்டுக்குள் வரப்போவதில்லை, அந்தப் பிள்ளைகள் காலம் முழுக்க வேலிக்கு வெளியே நின்று மற்றவர்கள் சாப்பிடுகிறதைப் பார்க்கவேண்டுமோ என்று கேட்டார். நியாயமான கேள்வி. யோகண்ணைக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. “அக்கா சொல்லுறது சரி,” என்றார். “அவைக்கும் ஆட்டம் குடுக்கத்தான் வேணும். ஆனா இருக்கிற ஒண்டை உடைச்சே குடுக்கவேணும்?” கை உயர்த்தச் சொன்னார்கள், உயர்த்தினார்கள், தேநீர் வந்தது.

நான்கு எட்டாகியது. எட்டு பதினாறாகியது. எங்களிடம் இருக்கிற அணிகளே அதைவிடக் கொஞ்சம்தான் கூட. அதாவது, சப்பாத்து போட்டு மைதானத்துக்கு வந்தாலே அடுத்த சுற்றுக்குப் போகலாம் என்ற நிலை. அந்தத் தாயின் மகனுடைய அணியும் உள்ளே வந்தது. வந்து, முதல் சுற்றிலேயே மிகப் பெரிய அணியிடம் மாட்டி, கோல் எண்ண முடியாமல் தோற்று, மதியத்துக்கு முன் வீட்டுக்குப் போனது. அதைத்தான் வாய்ப்பு என்றார்கள். சித்திரை மாதத்து ஆட்டங்களுக்கு வீரர்கள் பாதி நித்திரையில் வந்தார்கள். இறுதி ஆட்டத்துக்கு வரும் இரண்டு அணியும் அந்த வருடமே ஏற்கெனவே ஒருவரை ஒருவர் சந்தித்திருக்கும். அதையும் முதல்முறை போல நான் ஒலிவாங்கியில் கத்தவேண்டும். கத்தினேன். அதுதான் என் வேலை. ஆனால் வெறும் சட்டியைக் கிண்டுகிற சத்தம் எனக்கே கேட்டது.

யோகண்ணையின் ஆட்டத்தை அவர்கள் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் நான் இவ்வளவு கசந்துபோயிருக்க மாட்டேன். தேர் முடிந்து வரும் ஞாயிறு, முதலிரண்டு அணி, கடைசி ஆட்டம் என்ற பெயர், எல்லாம் அப்படியே இருந்தன. அடுத்த ஞாயிறு பதினாறு அணிச் சுற்று தொடங்கும் என்பதுதான் வித்தியாசம். கடைசி ஆட்டம் முதல் ஆட்டத்துக்கு முந்திய ஆட்டமாகிவிட்டது. காலைக் காப்பாற்றவேண்டும் என்று நல்ல வீரர்கள் வேலியோரம் நின்றார்கள். அவர்களுக்குப் பதில் வந்தவன் போனவன் எல்லோரும் உள்ளே போனார்கள். ஒருமுறை ஒரு முன்வரிசை வீரனிடம், இங்கேயே பிறந்து வளர்ந்தவன், திறமான ஆட்டக்காரன், ஏன் தம்பி நிக்கிறாய் என்று யோகண்ணை கேட்டார். அவன் மரியாதையாகத்தான் பதில் சொன்னான். “ஸே தன் மட்ச் பூர் ரியன், தொந்தோன்.” ஒன்றுக்கும் உதவாத ஆட்டம், மாமா. யோகண்ணை அவன் தோளில் தட்டிவிட்டு அடுப்படிக்குப் போனார். அவருக்குப் பிரெஞ்சு விளங்காமல் இருந்திருக்கலாமே என்று அன்றைக்கு நான் ஆசைப்பட்டேன்.

போன வருடம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கடைசி ஆட்டத்தன்று யோகண்ணை கார்ஜ் மைதானத்துக்கு விடியவே வந்து அடுப்பில் சருவம் ஏற்றியிருந்தார். இரண்டாம் இடத்து அணி வந்து உடுப்பு மாற்றிக்கொண்டு நின்றது. முதலாம் இடத்து அணியைக் காணவில்லை. அந்த முன்வரிசைப் பையனின் அணிதான். பிறகு குழுவில் ஒரு செய்தி வந்தது: அடுத்த கிழமை சுற்றுப்போட்டி இருப்பதால் வீரர்களுக்கு ஓய்வு, எதிரணிக்கு வெற்றியைக் கொடுத்துவிடலாம், நன்றி. நான் ஒலிவாங்கியை எடுத்தேன். யோகண்ணை வேர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தார்.

“வரேல்லை எண்டு சொல்லாதை. அவங்கடை தாய் தேப்பன் ஆரும் கேட்டுக்கொண்டு நிப்பினம்.”

“அப்ப என்னண்ணை சொல்லுறது? தோத்தவன் இல்லாமல் ஆர் பரிமாறுறது?”

அவர் சருவத்தைத் திரும்பிப் பார்த்தார். “நான்தான் தோத்தன் எண்டு சொல்லு,” என்றார்.

ஒலிவாங்கியை நிறுத்திவிட்டேன். அவர் தனியாக அகப்பையை எடுத்து, ஓடாமலே வென்ற பதினொரு பேருக்கும் போட்டார். அவர்கள் வெட்கத்தோடு சாப்பிட்டார்கள். அவர்கள் எழும்பி வந்து அவரை இருக்கச் சொன்னபோது, பசிக்கவில்லை என்றார். மிச்சக் கறியோடு சருவத்தை நானும் அவருமாக ஆளுக்கொரு காதில் பிடித்துத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டு மாடிக்கு ஏறினோம். வழி முழுக்க அவர் இறைச்சி விலையைப் பற்றியே பேசினார்.

அவரைத் தகனம் செய்த அன்று ஒன்றியத் தலைவர் உருக்கமாகப் பேசினார். கடைசியில் ஓர் அறிவித்தல். அமரர் யோகநாதனின் நினைவாக, இந்த வருடம் பதினாறு அணிச் சுற்றுக்கு முன் இன்னும் ஒரு சுற்று சேர்க்கப்படுகிறதாம். அவருடைய பெயரிலேயே. பதினாறுக்குள் வராமல் விடுபட்டுப்போகிற அணிகளும் உள்ளே வரலாமாம். பெட்டிக்குள் கிடந்த மனுசன் எழும்பி வந்து கேட்க முடியாது என்ற தைரியம். வெளியே வந்ததும் தலைவர் என் தோளில் கை போட்டு, நீங்கள்தான் அந்தச் சுற்றுக்கு அறிவிப்பாளர் என்றார். அதில் தோற்றால் என்ன நடக்கும் என்று கேட்டேன். “தோத்தாலும் பிரச்சினை இல்லை அண்ணை, இன்னொரு வாய்ப்பு வைச்சிருக்கிறம்,” என்றார். அவர் அதைப் பெருமையாகத்தான் சொன்னார். அந்த மனுசன் எதற்காக அன்றைக்குக் கூட்டத்தின் கடைசி வரிசையில் எழும்பி நின்றார் என்பது இவருக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

லா சப்பல் கடைக் கண்ணாடிகளில் இப்போது அந்தச் சுற்றின் சுவரொட்டி ஒட்டியிருக்கிறது. 2009இல் எடுத்த படத்தைத்தான் போட்டிருக்கிறார்கள், நீட்டிய கையின் மணிக்கட்டோடு படத்தை வெட்டி. பார்க்கிறவர்கள், வென்ற சந்தோசத்தில் சனத்துக்குக் கை காட்டுகிறார் என்று நினைக்கிறார்கள். அது கை காட்டுகிற கை இல்லை. தோற்றுவிட்டுச் சோறு போடுகிற கை. அகப்பை வெட்டுப்பட்ட பக்கத்தில் இருக்கிறது.

முப்பத்தோராம் நாள் நினைவுச் சாப்பாட்டுக்கு அந்த முதலாம் இடத்து அணி முழுவதும் வந்தது. ஒருவன் குறையவில்லை. யாரும் கேட்காமலே வாளிகளைத் தூக்கிப் பந்திக்குப் பரிமாறினார்கள். யோகண்ணையின் மனைவி தவமலர் அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முன்வரிசைப் பையன் என் இலைக்கு முன்னால் வந்து, கண்ணை நிமிர்த்தாமல், இன்னும் கொஞ்சம் போடட்டோ என்று தமிழில் கேட்டான். போடு என்றேன். நல்ல பிள்ளைதான். அவனில் எனக்குக் கோபமில்லை. தோற்க ஒரு இடத்தை நாங்கள்தான் அவனுக்கு மிச்சம் வைக்கவில்லை. என்றாலும், ஒரு ஞாயிறு வந்திருக்கலாமே என்ற நினைப்போடுதான் அந்தச் சோற்றைப் பிசைந்தேன்.

ஒலிவாங்கியை ஒன்றியத்திடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அக்காவிடம் கேட்டு அகப்பையை வாங்கி வைத்திருக்கிறேன். தேர் முடிந்து வரும் ஞாயிறு கார்ஜ் மைதானத்தில் சருவம் ஏற்றுவேன். எனக்கு அவரைப் போலச் சமைக்க வராது. சுற்றும் இல்லை, அடுத்த கிழமையும் இல்லை. இரண்டு அணி வந்தால் ஆடட்டும். ஒருவரும் வராவிட்டால், நான்தான் தோற்றேன் என்று சொல்லிக்கொண்டு, வேலிக்கு வெளியே நிற்கிறவர்களைக் கூப்பிட்டுப் பரிமாறுவேன்.