கோட்டாற்று இரும்புக்கடையின் உரிமை

அப்பா கோட்டாற்றில் இரும்புக்கடை வைத்திருந்தார். மண்வெட்டி, கலப்பைக் கொழு, ஆணி, தூண்டில் முள் எல்லாம் கிடைக்கும். எங்கள் சாதியில் அன்று மருமக்கள்வழி. ஒருவருடைய சொத்து அவருடைய சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். பெற்ற பிள்ளைகளுக்குக் கொஞ்சம் நிலம் கிடைத்தால் உண்டு. அதனால் அப்பாவின் அக்காள் மகன், எனக்கு அத்தான், மீசை முளைக்கும் முன்பே கடையில் வந்து நின்றார். கடை பின்னாளில் அவருக்குத்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். நான் படித்து வாத்தியார் வேலைக்குப் போனதும் அதனால்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் பிற்பாதியில் சட்டம் மாறியது. மனைவிக்கும் மக்களுக்கும் உரிமை வந்தது. ஊரெல்லாம் அதே பேச்சு. எங்கள் வீட்டில் மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. அப்பா உயில் எழுதுவார் என்று அம்மா காத்திருந்தாள். யாருக்கு எழுதினாலும் மற்றவன் முகத்தில் அவர் விழிக்க வேண்டும். எழுதாமலே ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு இறந்துபோனார்.

பதினாறாம் நாள் சடங்கு முடிந்தும் கடை திறக்கவில்லை. சாவி அத்தானிடம் இருந்தது. திறக்கத் தனக்கு உரிமை உண்டா என்று அவருக்குத் தெரியவில்லை. தடுக்க எங்களுக்கு உண்டா என்று எங்களுக்கும் தெரியவில்லை. சரக்கு அனுப்பும் ஆலப்புழை வியாபாரி, இனி யார் பெயருக்கு அனுப்புவது என்று ஆள் விட்டுக் கேட்டார். ஒருநாள் பள்ளி விட்டு வரும்போது, கடியப்பட்டணத்து மீன்பிடிகாரர் இருவர் பூட்டிய கடைமுன் உட்கார்ந்திருந்தார்கள். நெய்மீன் படும் காலம், முள் வாங்க வந்திருந்தார்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எதிர்க்கடைக்குப் போனார்கள்.

நாகர்கோவிலில் ஒரு வக்கீலைப் போய்க் கேட்டேன். கடை அப்பாவின் சொந்தச் சம்பாத்தியம் என்று நிரூபித்தால் எங்கள் பக்கம் பலம், அப்பாவின் தாய்வழிக் குடும்பமான தறவாட்டின் நெல்லை விற்று வந்த முதல் என்றால் கதை வேறு என்றார். தீர்ப்பு வர வருஷங்கள் ஆகும், ஆனாலும் ஜெயிக்கலாம் என்று தைரியம் சொன்னார். அதற்குள் உள்ளே இருக்கும் இரும்பு துருவாகிவிடுமே என்றுதான் எனக்குத் தோன்றியது.

வீட்டில் சொன்னதும் அம்மா அத்தானை வரச் சொன்னாள். அவர் வந்து சாவியை அவள் முன்னால் வைத்தார்.

"மாமா எனக்குத் தருவாருன்னுதான் இவ்வளவு காலமும் நின்னேன், மாமி. இப்ப சட்டம் வேற சொல்லுது. நான் என்ன செய்யட்டும்?"

அம்மா சாவியைத் தொடவில்லை. "சட்டம் எனக்குத் தந்தத நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன். உன் உழைப்புக்கு என்ன உண்டுன்னு அதுல சொல்லல்ல. அத நாமதான் சொல்லணும்."

கடையை இருவரும் கூட்டாக நடத்துவது, லாபம் சரிபாதி, பொறுப்பு அத்தானுக்கு என்றாள். அவருக்குச் சம்மதம். ஆனால் அதைப் பத்திரமாக எழுதிப் பதிய வேண்டும் என்றதும் முகம் வாடிவிட்டது. சொந்தக்காரர்களுக்குள் எழுத்து எதற்கு என்று கேட்டார்.

"பிணக்கம் இல்லாதப்பமே எழுதிருவோம் மக்கா. பிணங்கின பொறவு எழுத முடியாதுல்லா."

பிரிய நேர்ந்தால் எப்படிப் பிரிவது என்பதையும் சேர்க்கச் சொன்னாள். கையெழுத்துப் போடும்வரை அத்தான் அவளிடம் பேசவில்லை. மறுநாள் கடை திறந்தது.

சில வருஷங்கள் நன்றாகப் போயின. பிறகு அத்தான் சிமெண்டு வியாபாரத்திலும் இறங்க விரும்பினார், அம்மா இணங்கவில்லை. சுடுசொற்கள் விழுந்தன. அவர் வீட்டுக்கு வருவது நின்றது. பிரிந்தே ஆகவேண்டும் என்றானபோது பத்திரத்தின்படி பிரிந்தோம்: வியாபாரம் அவருக்கு, கட்டடம் எங்களுக்கு. யாரும் கோர்ட்டுப் படி ஏறவில்லை.

அந்தச் சட்டம் நியாயமானதா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அம்மாவுக்கு அது நியாயம். பழைய முறையை நம்பி இளமையைக் கடையில் போட்ட அத்தானுக்கு நியாயமென்று சொல்ல எனக்கு நா எழாது. இரண்டையும் ஒரே சட்டத்தால் செய்ய முடிந்திருக்குமா, தெரியவில்லை.

பிரிந்த மறுவருஷம் அம்மா படுக்கையில் விழுந்தாள். செய்தி கேட்டு அத்தான் வந்தார். கட்டிலருகே உட்கார்ந்து, சிமெண்டு நன்றாகப் போகிறது என்று மெதுவாகச் சொன்னார். அம்மா சிரித்துவிட்டு, அவருக்குச் சோறு போடச் சொன்னாள்.