அவவுக்கு விளங்காது

நீக்கிலாப்பிள்ளை அண்ணையின் வாயில் எப்போதும் தயாராக இருப்பது இரண்டே சொல்தான்: "அவவுக்கு விளங்காது." வங்கியில் அவருடைய மனைவி அக்னெஸ் அக்காவிடம் கையெழுத்துக் கேட்டால் இவர் முன்னுக்கு வந்து சொல்வார். டொக்ரர் அவவிடம் எங்கே நோகிறது என்று கேட்டால் இவர் சொல்வார். நோ அவவுடைய முழங்காலில், பதில் இவருடைய வாயில். எத்தனையோ தரம் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தரமும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அண்ணை கெட்ட மனிசன் இல்லை என்று எல்லாரும் சொல்வார்கள். குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார், ஞாயிறு தேவாலயத் தமிழ்ப் பூசையில் கோட் போட்டுக்கொண்டு வாசகம் வாசிப்பார். சரி, அதற்காக ஒரு மாலை வாங்கிப் போடுவோம். கை நீட்டாமலே ஒரு மனிசியை முப்பது வருஷம் வாய் திறக்கவிடாமல் வைத்திருக்கலாம் என்று எனக்குக் காட்டித் தந்தவர் அவர்தான்.

இலங்கையில் அக்னெஸ் அக்கா பாசையூர்க்காரி. நான் இணுவில். அவ வேதக்காரி, நான் டொலார்ட் கோயில் முருகனுக்கு நேர்த்தி வைக்கிறவள். இரண்டு பேருக்கும் இப்போது கனடாவில், வீடு லாசாலில், வேலை டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்புகிற ஒரு சமையல்கூடத்தில். என்னுடைய காரில்தான் அவ வருவா. தட்டுகள் கன்வேயர் பட்டியில் ஓடி வரும், நாங்கள் வரிசையில் நின்று பாணும் பட்டரும் சலாட்டும் வைப்போம். வெளியே பனி கொட்டும், உள்ளேயும் குளிர்தான்.

எங்கள் மேற்பார்வையாளர் ஜீல் என்ற கியூபெக்காரன். வேலை தெரிந்தவன், வாய் மட்டும் சாக்கடை. பட்டி நின்றால் "தபர்னாக்!" தட்டு விழுந்தால் "காலிஸ்!" ஒன்றும் நடக்காவிட்டாலும் "ஒஸ்டி!" இங்கத்தைய தூசணமெல்லாம் தேவாலயச் சாமான்களின் பேர்தான். நான் வந்த முதல் மாதமே பழகி, என் கார் ஸ்ரார்ட் ஆகாதபோது நானே சொல்லத் தொடங்கிவிட்டேன். அக்னெஸ் அக்காவால் முடியவில்லை. ஒவ்வொரு தரமும் நெற்றியில் சிலுவை போடுவா.

"அது நற்கருணைப் பேழை, புஷ்பம். ஆண்டவர் இருக்கிற இடம். மற்றது பூசைக் கிண்ணம். அதையெல்லாம் எப்பிடி இவங்கள் இந்த வாயிலை வைக்கிறாங்கள்?"

"அக்கா, அவங்களுக்கு அது வெறும் தூசணம்."

"எனக்கு இல்லையே."

ஒருநாள் அவ ஜீலிடம் நேரே போய்ச் சொல்லிவிட்டா. தனக்குத் தெரிந்த பிரெஞ்சில், உடைந்தும் உடையாமலும், ஆனால் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு. அவன் சிவந்துபோனான். அன்றிலிருந்து அவ பக்கத்தில் நின்றால் அவன் "தபர்னூஷ்" என்பான். இங்கே கிழவிகளுக்கு முன்னால் சொல்வதற்கென்றே வைத்திருக்கிற சுத்தம் செய்த தூசணம் அது. அந்த இடத்தில் அக்காவுக்கு அவ்வளவு மதிப்பு. புதிதாக வருகிற ஹெயிட்டிப் பெண்களுக்கும் மெக்சிக்கோப் பெடியளுக்கும் வேலை பழக்குவது அவதான், பிரெஞ்சில்தான். அதே மனிசி வீட்டுக்குள் கால் வைத்தால் "அவவுக்கு விளங்காது."

அண்ணை தனக்கும் மகள் றொஷினிக்கும் குடியுரிமை எடுத்தது தொண்ணூறுகளில். அக்காவுக்கு எடுக்கவில்லை. ஏனென்று கேட்டால், "அவவுக்கு என்னத்துக்கு? நிரந்தரமாய் இருக்கப் பி.ஆர். இருக்குத்தானே." பிறகு சோதனை, பிரெஞ்சோ ஆங்கிலமோ தெரிந்திருக்க வேண்டும் என்ற கதைகள் வந்தன. அப்போது அடுத்த சாட்டு. "அம்பத்தஞ்சு ஆகட்டும். அந்த வயசுக்குப் பிறகு சோதினையும் இல்லை, மொழியும் கேக்கமாட்டாங்கள்." இது அவருடைய தனி மூளையில் உதித்ததும் இல்லை. எங்கள் சனத்திடம் எத்தனை வீட்டில் இந்தக் கதை! ஆம்பிளைகள் வந்த சூட்டோடு எடுத்துவிடுவார்கள். பொம்பிளை மட்டும் கிழவியாகும்வரை காத்திருக்க வேண்டும். சட்டம் முதியவர்களுக்குக் கொடுத்த சலுகையை இவர்கள் மனிசிமாரைப் பூட்டி வைக்கிற திறப்பாக்கிவிட்டார்கள்.

றொஷினி கலியாணம் கட்டி நியூ ஜேர்சிக்குப் போனாள். தலைப்பிள்ளை வயிற்றில். அக்னெஸ் அக்கா இரண்டு மாதம் முந்தியே ஆயத்தம். மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள் எல்லாம் வறுத்து இடித்துச் சரக்குத்தூள் செய்தா, பிள்ளை பெற்ற உடம்புக்குக் காய்ச்சிக் கொடுக்க. ஒரு நெஸ்ரமோல்ற் ரின்னில் அடைத்து, மூடியைச் சுற்றி ரேப் ஒட்டினா. இலங்கைப் பாஸ்போட்டோடு அமெரிக்க விசாவுக்குப் போனா. கிடைக்கவில்லை. கனடாப் பாஸ்போட் என்றால் விசாவே வேண்டாம், பஸ்ஸில் ஏறிப் போயிருக்கலாம்.

அண்ணை போனார். ரின்னையும் கொண்டு போனார். இரண்டு கிழமை நின்று, பேரனோடு படம் எடுத்துக்கொண்டு வந்து, ரின்னைக் குசினி மேசையில் வைத்தார். ரேப் பிரியவில்லை.

"ஏனப்பா, காய்ச்சிக் குடுக்கேல்லையோ?"

"எனக்கு உதைக் காய்ச்சத் தெரியுமே? பிள்ளை ஆஸ்பத்திரியிலை தந்த சூப்பைக் குடிச்சாள்."

இதை அக்கா எனக்குச் சொன்னது மறுநாள் காலை காரில். அழவில்லை. கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி, "நான் சிற்றிசன் எடுக்கப் போறன் புஷ்பம். அம்பத்தஞ்சுக்குப் பார்த்துக்கொண்டிருக்கமாட்டன்," என்றா. ஆத்திரம் எனக்குத்தான் வந்தது.

மாலை வகுப்புக்குப் போய் ஒரு பிரெஞ்சுச் சான்றிதழ் எடுத்தா. விண்ணப்பத்தை நானும் அவவும் என் வீட்டில் இருந்து நிரப்பினோம். குடியுரிமைப் புத்தகத்தைக் காரில் சத்தமாக வாசிப்பா. கூட்டாட்சி, மாகாணங்கள், வாக்குரிமை எல்லாம் அவவுடைய பாசையூர்ப் பிரெஞ்சில் வரும். எனக்கு வேர்க்கும், அவவுக்கு வேர்க்காது. சோதனையில் பாஸ். அண்ணை என்ன சொன்னார் தெரியுமா? "லேசான கேள்வி வந்திருக்கும்."

பிறகு நேர்முகத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. பத்திரங்களைப் பார்க்க வேண்டும், அதோடு ஓர் அதிகாரி அவவுடன் கதைத்துப் பார்க்க வேண்டும். அந்த நேரம் றொஷினிக்கு இரண்டாவது பிள்ளை வயிற்றில், மூன்று மாதம். இந்தக் கதைப்பில் தவறினால் திரும்பவும் இழுபடும், இந்தப் பிள்ளையும் அவ இல்லாமல்தான் பிறக்கும். துணைக்கு அக்கா என்னைக் கூப்பிட்டா. அண்ணையை ஒருவரும் கூப்பிடவில்லை, அவர் கோட்டைப் போட்டுக்கொண்டு காரில் முன் சீற்றில் ஏறினார். அக்கா பின் சீற்றில். தன் நேர்முகத்துக்குப் போகிறவ பின் சீற்றில்!

மண்டபத்தில் வரிசையாகக் கவுண்டர்கள். எங்கள் எண் வந்தது. அக்கா எழும்பிப் போனா. நரைத்த தலைமயிரோடு ஒரு வெள்ளைக்கார மதாம், முகத்தில் நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை. பத்திரங்களைப் புரட்டிவிட்டு நிமிர்ந்து, ஏன் கனடியப் பிரசை ஆக விரும்புகிறீர்கள் என்று பிரெஞ்சில் கேட்டா. சாதாரணக் கேள்வி. அக்கா காரில் நூறு தரம் சொன்ன பதில்.

அக்கா வாய் திறக்கவில்லை.

முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அந்த முதுகு இறுகிப்போய் நின்றது. மதாம் இன்னொருக்கால், ஆறுதலாகக் கேட்டா. 'சொல்லுங்கோ அக்கா, சொல்லுங்கோ' என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

அதற்குள் அண்ணை எழும்பிவிட்டார். நான் கோட்டைப் பிடித்து இழுத்தேன், உதறிக்கொண்டு போனார். கவுண்டரில் கையை ஊன்றி, தன்னுடைய செக்யூரிட்டி வேலை ஆங்கிலத்தில், இவ ஒன்றும் தெரியாதவ, கதைக்கமாட்டா, இன்னும் மூன்று வருஷத்தில் ஐம்பத்தைந்து ஆகிவிடும், அப்போது கூட்டி வருகிறேன் என்று சிரித்துக்கொண்டு சொன்னார். என் பக்கம் திரும்பித் தமிழிலும் சொன்னார்:

"நான் முந்தியே சொன்னனான். அவவுக்கு விளங்காது."

அக்னெஸ் அக்கா திரும்பினா.

"தபர்னாக்!"

மண்டபம் முழுக்கக் கேட்டது. நற்கருணைப் பேழை. ஆண்டவர் இருக்கிற இடம். ஜீலின் சுத்தம் செய்த தபர்னூஷ் இல்லை, அசல் சொல், முழுச் சொல். அதற்குப் பின்னால் அணை உடைந்தது. பொத்து உன் வாயை. முப்பது வருஷம் நீ கதைத்தாய், ஆஸ்பத்திரியில் நீ கதைத்தாய், என் முழங்காலுக்கும் நீ கதைத்தாய். என் மகள் பிள்ளை பெற்றாள், நான் இடித்த தூளை நீ திறந்தும் பார்க்கவில்லை. இப்போது நான் கதைக்கிறேன். போய் இரு!

எல்லாம் பிரெஞ்சில். டோர்வல் பட்டியடிப் பிரெஞ்சில், ஜீலின் ராகத்தில். தமிழில் அவ புருஷனை ஒருநாளும் ஒருமையில் அழைத்ததில்லை. "இஞ்சருங்கோ," "ஏனப்பா," "சொல்லுங்கோ," அவ்வளவுதான். பிரெஞ்சில் எங்களுக்கு வேலையிடத்தில் பழகியது "த்சூ" ஒன்றுதான், அதாவது 'நீ'. அந்த 'நீ' அன்று அவர் முகத்தில் மாறி மாறி விழுந்தது.

மதாம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினா. "ஐயா, போய் உட்காருங்கள்," என்றா, ஆங்கிலத்தில். பிறகு அக்காவிடம், பிரெஞ்சு எங்கே படித்தீர்கள் என்று கேட்டா.

"வேலையில்," என்றா அக்கா. பிறகு கேட்காமலே சொன்னா. மகளுக்குப் பிள்ளை பிறக்கப் போகிறது, முதல் பிள்ளைக்கு நான் இருக்கவில்லை, இந்தப் பிள்ளைக்கு இருக்க வேண்டும், அதற்குத்தான். மதாமையும் 'நீ' என்றுதான் சொன்னா, வகுப்பில் படித்த 'நீங்கள்' அந்த நேரம் வாய்க்கு வரவில்லை. மதாம் அதைப் பொருட்படுத்தவில்லை, எழுதிக்கொண்டா.

அண்ணை எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். கழுத்தெல்லாம் வேர்வை. அவருக்குப் பிரெஞ்சு வராது, ஆங்கிலத்திலேயே காலத்தை ஓட்டியவர். குனிந்து என் காதில் கேட்டார்:

"புஷ்பராணி, அவ இப்ப என்ன சொன்னவ?"

"விடுங்கோ அண்ணை," என்றேன். "உங்களுக்கு விளங்காது."

என் வாழ்க்கையில் நான் சொன்ன எந்த வார்த்தையும் எனக்கு அவ்வளவு இனித்ததில்லை.

அக்காவுக்குக் குடியுரிமை கிடைத்தது. சத்தியப்பிரமாணத்தில் பக்கத்தில் நின்றவர்கள் முணுமுணுக்க, அவ பட்டியடியில் கத்துகிற குரலில் சொன்னா. பாஸ்போட் வந்த கிழமையே பஸ் ரிக்கற் எடுத்தா. அண்ணை தானும் வருகிறேன் என்றார். "நீங்கள் நில்லுங்கோ," என்றா. திரும்பவும் 'நீங்கள்'தான், ஆனால் அவர் நின்றுவிட்டார். புதிதாக இடித்த தூளோடு போனா. பேத்தி பிறந்தபோது அவதான் முதலில் கையில் வாங்கினா. சரக்குக் கறி காய்ச்சி, றொஷினி வியர்க்க வியர்க்கச் சாப்பிட்டதைப் போனில் எனக்குக் காட்டினா.

ஆனால் ஒரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. நேர்முகத்துக்குப் பிறகு அவ பூசையில் நன்மை, அதுதான் அந்த நற்கருணை அப்பம், வாங்கப் போகவில்லை. ஒரு ஞாயிறும் தவறாதவ, எல்லாரும் வரிசையில் போகும்போது வாங்கிலேயே முழங்காலில் இருந்தா. சனம் கதைத்தது. வாசகம் வாசிக்கிறவரின் மனிசி நன்மை எடுக்காவிட்டால் சும்மா விடுமா? அண்ணை கெஞ்சியும் பார்த்தார். அவ அசையவில்லை.

பாஸ்குவுக்கு, அதாவது ஈஸ்டருக்கு, முந்திய கிழமை வேலைக்குப் போகும்போது, "நேற்றுச் சுவாமியிட்டைப் பாவசங்கீர்த்தனம் செய்தனான்," என்றா. பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்பதைத்தான் சொன்னா.

"அந்தச் சொல்லுக்கோ அக்கா?"

"ஓம். அது எனக்குப் பெரிய பாவம் புஷ்பம், சுவாமியிட்டைச் சொல்லாமல் நன்மை வாங்கேலாது. ஆண்டவற்ரை வீட்டைத் தூசணமாக்கிப்போட்டன். சொல்லி அழுதனான்."

"அதுக்கு இவ்வளவு நாளோ? அண்டைக்கே போய்ச் சொல்லியிருக்கலாமே."

"போனால் சுவாமி மற்றதையும் கேப்பார் எண்டு தெரியும். கேட்டார். புருஷனிலை கோவிச்சதுக்கும் மனம் வருந்தி மனஸ்தாபப்படுறியளோ எண்டு."

டோர்வல் திருப்பத்தில் சிவப்பு விழுந்தது. நான் அவவைத் திரும்பிப் பார்த்தேன். அவ மடியில் சாப்பாட்டுப் பையை நேராக்கி வைத்தா.

"அந்தக் கோவம் இன்னும் முடியேல்லை, சுவாமி, முடிஞ்சாப் பிறகு வந்து சொல்லுறன் எண்டனான்."