அவள் சொல்லி நான் எழுதிய சீட்டு

ஐந்தருவியில் பழம் விற்பவள் என்பதைத் தவிர அவளைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. தென்காசியில் ஒரு மருத்துவமனையில், கர்ப்பிணிகள் வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மெலிந்த உடம்பு, ஐந்து மாத வயிறு. இருமல் வரும்போதெல்லாம் கால்களை இறுக்கி, அடிவயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டுதான் இருமினாள். நானும் அப்படித்தான் இருமுவேன். யாரிடமும் சொன்னதில்லை.

அவளோடு வந்த மாமியார் டீ குடிக்க எழுந்து போனதும் என் பக்கம் சாய்ந்தாள்.

"யக்கா, ஒரு சீட்டுல எழுதித் தாங்களேன். டாக்டரம்மாட்ட குடுக்கணும். என் கையால எழுதக் கூச்சமா இருக்கு."

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். கர்ப்பப்பை இறங்கி வெளியே வருகிறது. நானே உள்ளே தள்ளிக்கொள்கிறேன். பழக்கூடை தூக்கினால் அதிகமாகிறது. பிள்ளையை எப்படிப் பெறப்போகிறேன் என்று பயமாக இருக்கிறது.

"கூடையத் தூக்காம இருக்கக் கூடாதா?"

"இப்பம் சீசன்லாக்கா. நான் படுத்துட்டா கடைய யாரு பாக்கது?"

அவளைக் கூப்பிட்டபோது மாமியாரும் கூடவே உள்ளே போனாள். சீக்கிரமே வெளியே வந்தார்கள். "எல்லாம் நல்லாருக்காம்" என்றாள் மாமியார். அவள் என்னைப் பார்க்காமலே போய்விட்டாள். சீட்டு, மடித்தபடி, பெஞ்சிலேயே கிடந்தது.

அடுத்து என் முறை. 'பழக்கூடை' வரியை மட்டும் அடித்துவிட்டு டாக்டரம்மாவிடம் நீட்டினேன். மற்ற வரிகளை மாற்ற வேண்டியிருக்கவில்லை. கர்ப்பப்பை இறங்காமல் தாங்க அன்றே எனக்கு உள்ளே வளையம் வைத்தார். பிரசவத்தை எப்படிப் பார்ப்பது என்றும் பொறுமையாகப் பேசினார்.

இதைச் சொன்னவள் வேறொருத்தி, இந்நேரம் பஸ்ஸுக்குத்தான் நிற்பாள் என்று நான் ஏன் வாய் திறக்கவில்லை என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.