படத்தில் வந்த கத்தி

எழுபதுகளின் பிற்பகுதி. இலங்கை மலையகத்தில், லுணுகலைப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டம். என் வீட்டுக்காரருக்குக் கவ்வாத்து வேலை. உயர்ந்துபோன தேயிலைச் செடிகளைத் தாழ வெட்டிவிட வேண்டும். அதற்கென்றே ஒரு வளைந்த கத்தி உண்டு. காலையில் அதைக் கையில் பிடித்துக்கொண்டு போவார், மாலையில் அப்படியே திரும்புவார். வழியில் இருந்த சிங்களக் கிராமத்தில் யாரும் அதை ஏறெடுத்துப் பார்த்ததில்லை. தேத்தண்ணிக் கடை முதலாளி தன் வேலி மண்டிக்கிடந்தால் இவரைத்தான் கூப்பிட்டு வெட்டச் சொல்வார்.

அந்த மாதம், நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக் குழாயில் தண்ணீர் நின்றுபோனது. பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். ஒருநாள் கவ்வாத்து முடிந்த ஆண்கள் வீட்டுக்கு வராமல், மலையிலிருந்து நேரே ஆபீஸ் வாசலுக்குப் போய்த் தோட்டத்து அதிகாரியான துரையிடம் கேட்டார்கள். குழாயைச் சரிசெய்து தருவதாக அவர் சொன்னதும் கலைந்து வந்துவிட்டார்கள். யாரோ படம் பிடித்தார்களென்று கேட்டபோது எனக்குச் சந்தோஷம்தான். பேப்பரில் வந்தால் தண்ணீர் சீக்கிரம் வருமல்லவா!

வந்தது படம். சிங்களப் பத்திரிகையில், முன்வரிசையில் என் வீட்டுக்காரர், கையில் கத்தி. தோட்டத் தமிழர் கத்திகளோடு துரையை வளைத்தார்கள் என்று கீழே எழுதியிருந்ததாம். தமிழ்ப் பத்திரிகை மட்டும் சும்மா இருந்ததா? கிராமத்தார் தாக்க வந்ததால் தொழிலாளர் கத்தி எடுத்தார்கள் என்று அது எழுதியது. அன்று ஆபீஸ் பக்கம் கிராமத்து ஆள் ஒருவர்கூட இல்லை. இரண்டு செய்தியிலும் தண்ணீர் என்ற சொல்லே இல்லை.

தேர்தல் காலம் வேறு. எங்களில் பலருக்குப் பிரஜாவுரிமையும் இல்லை, வாக்கும் இல்லை. வாக்கு இருந்தவர்கள் எங்களைப் பற்றி அறிந்துகொண்டது அந்தப் படத்தில்தான். மேடையில் அதைத் தூக்கிக் காட்டிப் பேசினார்கள். எங்கள் லயத்திலோ, கிராமத்தார் வரப்போகிறார்கள் என்று கதவுக்கு முட்டுக் கொடுத்தார்கள்.

கடை முதலாளியாவது நம்புவார் என்று இவர் போய் நடந்ததைச் சொல்லியிருக்கிறார்.

"ஒன்ன எனக்குத் தெரியும். ஆனா பேப்பர்ல போட்டிருக்குதானே" என்றாராம் அவர், தனக்குத் தெரிந்த தமிழில்.

அதற்குப் பிறகு இவர் கத்தியைச் சாக்கில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகத் தொடங்கினார். பார்க்கிறவர்கள் பயப்படக் கூடாதே என்றுதான். ஒரு மாலை கடைவாசலில் நின்ற இளைஞர்கள் மறித்துச் சாக்கைப் பிரிக்கச் சொன்னார்கள். உள்ளே கத்தியைக் கண்டதும், பேப்பரில் வந்தது சரிதான் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். முதலாளி பார்த்துக்கொண்டே நின்றாராம். அடிக்காமல் விட்டதே பெரிய காரியம்.

வீட்டுக்கு வந்தவர் சாப்பிட உட்காரவில்லை.

"கையில தூக்கிட்டுப் போனா சண்டியன்ங்கிறாங்க. மறைச்சு எடுத்துட்டுப் போனா கொலைக்கு வந்தவன்ங்கிறாங்க. நாளைக்கு நான் எப்புடி புள்ள வேலைக்குப் போறது?"

விடிந்தால், வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடுவார்கள். கத்தி இல்லாமல் போனால் வேலை இல்லை.