மாமாவின் கடையும் சூது வழக்கும்

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணி பத்து நிமிடம். லேபர் கேம்ப்பில் எங்கள் சந்து முனையில், மாமாவின் கடையிலிருந்த பெரிய டி.வி.யை இரண்டு பேர் கைவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். திரையில் கீறல் விழாமலிருக்க அதன்மேல் ஒரு பழைய லுங்கியைப் போர்த்தியிருந்தார்கள். மாமா பின்னால் நடந்தார். கையில் வீடியோ கேம் பெட்டி, தோளில் சுற்றிய ஒயர், சட்டைப் பையிலிருந்து தொங்கிய இரண்டு ரிமோட்டுகள்.

"என்னல, கடையக் காலி பண்ணுதியா?" என்று இஸ்திரிக்காரர் கேட்டார்.

"இல்லண்ணே. சாட்சி சொல்லக் கூட்டிட்டுப் போறேன்."

வழக்கமாக மாமா எது சொன்னாலும் சந்து சிரிக்கும். அன்று இஸ்திரிக்காரர் தலையைக் குனிந்து துணியைத் தேய்த்தார்.

மாமா என் அம்மாவின் தம்பி. திருமணம் ஆகாதவர். சாப்பாடு எங்கள் வீட்டில், படுக்கை கடையில். கடை என்பது பத்துக்குப் பத்து அறை. மூன்று டி.வி., மூன்று கேம் பெட்டிகள், ஒரு மேஜை விசிறி. அறை எங்கள் ஊர்ச் சங்கத்துக்குச் சொந்தம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் ஊருக்கு ஒரு சங்கம் வைத்திருந்த காலம் அது. சங்கத்து அறைக்குப் பத்திரம் கிடையாது, வாய்வார்த்தைதான். அங்கே குடி கூடாது, சூது கூடாது. மீறினால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும்.

கடைமேல் சங்கத்தில் புகார் கொடுத்தவர் ஒரு தையல்காரர். அவருடைய மகன் ஒன்பதாம் வகுப்பில் தோற்றிருந்தான். அது கடையில்லை, சூதாட்டக் கிளப் என்றார் அவர். அவர் சொன்னதில் ஒரு விஷயம் உண்மை. மாமாவின் கடையில் இரண்டு பேர் மோதினால், தோற்றவன்தான் இருவருக்கும் சேர்த்து ஆட்டக் காசு கொடுக்க வேண்டும். "ஹார்னேவாலா தேகா" என்று பையன்கள் சொல்வார்கள். அந்த விதியை மாமா போடவில்லை. பையன்களே போட்டுக்கொண்டார்கள்.

ஆக, எல்லாம் ஒரு சொல்லில் வந்து நின்றது. எது சூது? அந்த வாரம் முழுக்கச் சந்தில் வேறு பேச்சில்லை. தண்ணீர்க் குழாயடியில், டீக்கடையில், கழிப்பறை வரிசையில், எல்லா இடத்திலும் அதே கேள்வி. லாட்டரி சூது என்பதில் எல்லோரும் ஒத்துப்போனார்கள். ரம்மியில் பிளவு வந்தது. டிக்கெட் எடுக்காமல் லோக்கல் ரயிலில் டோம்பிவிலி வரை போவதும் சூதுதான் என்றார் ஒருவர். "அப்ப கோயில் திருவிழால ஃபாதர் முன்னால காசு கட்டி நம்பர் குலுக்கித் தம்போலா போடுதோமே, அது என்ன ஜெபமா?" என்று மாமா கேட்டார். கேட்டதை யாரும் மறக்கவில்லை.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. புகார் கொடுப்பவருக்குச் சபையில் பேச வராது என்றால், சங்கமே அவருக்கு ஒரு பேச்சாளரைக் கொடுக்கும். பொங்கலுக்குப் பட்டிமன்றம் பேசுகிற மூன்று பேரின் பெயரை எழுதிச் சீட்டுக் குலுக்குவார்கள். யார் பெயர் வருகிறதோ அவர் பேச வேண்டும். சொந்தம் பந்தம் பார்க்கக் கூடாது, பேசிய பிறகு பகையும் வைக்கக் கூடாது. தையல்காரருக்குச் சீட்டில் வந்தது என் அப்பாவின் பெயர்.

"சீட்டுக் குலுக்கி ஆளப் புடிச்சிட்டு, என்னயச் சூதாடிங்கீக" என்றார் மாமா. அப்போதும் சிலர் சிரித்தார்கள்.

அம்மா சிரிக்கவில்லை. அப்பா மறுத்திருக்கலாம் என்பது அவள் கட்சி. சீட்டில் வந்ததை மறுத்தால் அடுத்த பொங்கலுக்கு எந்த முகத்தோடு மேடை ஏறுவது என்பது அப்பாவின் கட்சி. அந்த வாரம் அப்பாவின் தட்டு தரையில் சத்தத்தோடு வந்து இறங்கியது. மாமா மட்டும் எப்போதும்போல இரவில் வந்து சாப்பிட்டார்.

"அத்தான், வீட்ல தோச, மேடைல பூசையா?"

"மாப்ளே, மேடைல நான் ஒன் அத்தான் கெடயாது. நீ ஒழுங்காத் தயார் பண்ணு."

அப்பா சொன்னது கேலி இல்லை. எதிரணி பலவீனமாக இருப்பது அவருக்குப் பிடிக்காது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கட்டடத்தின் மாடியில் கூட்டம். ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால், பையன்கள் அவரவர் அப்பாவின் பக்கத்தில். மேடையில் டி.வி.யும் மைக்கும். நடுவர் நாற்காலியில் சங்கத் தலைவர். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், பெரிய உடம்பு, சின்னக் குரல். நான் அம்மாவின் மடியோரம் உட்கார்ந்திருந்தேன். அப்போது ஆறாம் வகுப்பு படித்தேன்.

அப்பா முதலில் பேசினார். "கேரம் ஆடுகிறோம். அங்கேயும் தோற்றவன் காசு கொடுக்கிறான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேரத்தில் ஸ்ட்ரைக்கர் என் விரலில் இருக்கிறது. காய் என் கண்முன்னே ஓடுகிறது. இந்தப் பெட்டியில் நான் அமுக்குவது ஒரு பொத்தான். அதற்குப் பிறகு உள்ளே என்ன நடக்கிறது? எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியாது. கடை வைத்திருக்கும் என் மைத்துனருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாத ஒன்று வெற்றியைத் தீர்மானிக்கிறது என்றால், அதற்குத் தமிழில் என்ன பெயர்?"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அம்மாவின் விரல்கள் என் கையில் இறுகின.

மாமா மைக்கைப் பிடித்தார். அவருக்கு மேடைத் தமிழ் வராது. "தெனமும் வி.டி. ஸ்டேஷனுக்கு லோக்கல் ரயில்ல போறீகளே அத்தான், எஞ்சினுக்குள்ள என்ன நடக்குன்னு தெரியுமா? தெரியாமத்தான ஏறுதீக. அது சூதா?"

"மழக்காலத்துல சூதுதாம்ல!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கூட்டம் விழுந்து சிரித்தது. மாமாவும் சிரித்தார். பிறகு சொன்னார்: "உள்ள இருக்கது ஒரு சிப்பு. அதுக்குன்னு புத்தி கெடயாது. கை சொன்னதச் செய்யும். நல்லா ஆடுறவன் ஜெயிப்பான், ஆடத் தெரியாதவன் தோப்பான். அம்புட்டுதான்."

தலைவர் கையை உயர்த்தினார். "பேச்சு போதும். பெட்டி இங்கதான இருக்கு. ஒரே ஆளு, எதுக்க எவன் வந்தாலும் ஜெயிச்சிக் காட்டட்டும். அப்ப அது கை. இவன் ஒரு தடவ அவன் ஒரு தடவன்னு வந்தா அது சூது. சரியா?"

இரண்டு பக்கமும் சரி என்றது. மாமா பையன்களைப் பார்த்தார். "வாங்கல எவனாவது."

கடையில் விடுமுறை நாளெல்லாம் கிடந்த பையன்கள் பத்துப் பன்னிரண்டு பேர் அங்கே இருந்தார்கள். எல்லோருடைய அப்பாவும் பக்கத்தில் இருந்தார். சிவப்புச் சட்டை போட்ட ஒருவன் வரிசையாக எத்தனை பேரை வேண்டுமானாலும் அடிப்பான். அவன் குனிந்து ஷூ லேஸைக் கட்டினான். அவன் போட்டிருந்தது செருப்பு.

மாமா இன்னொரு முறை கூப்பிட்டார். பிறகு என் பக்கம் அவருடைய பார்வை வந்து நின்றது. நான் எழப் போனேன். அவர் தலையை மெல்ல இடமும் வலமும் அசைத்தார். இப்போது வேண்டாம், பிறகு கூப்பிடுகிறேன் என்று சொல்வதாக நான் எடுத்துக்கொண்டேன்.

மாமா தானே ரிமோட்டை எடுத்தார். எதிரில் யார் என்று கேட்டபோது தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவர் அதுவரை அந்தப் பொருளைத் தொட்டதில்லை. இரண்டு மனிதர்கள் மோதும் சண்டை கேம் அது. மாமா கடை நடத்தினாரே தவிர ஆடியதில்லை. அடிக்கும் பொத்தான் எது, தடுக்கும் பொத்தான் எது என்று அவருக்குத் தெரியும். அதை விரலுக்குச் சொல்ல அவருக்கு நேரம் பிடித்தது. தலைவர் எல்லாப் பொத்தான்களையும் இரண்டு கட்டைவிரல்களாலும் மாவு பிசைவதுபோல் அமுக்கினார். திரையில் அவருடைய ஆள் குதித்தான், சுழன்றான், யாரும் எதிர்பாராத ஓர் உதை விட்டான். மாமாவின் ஆள் விழுந்தான்.

கூட்டம் எழுந்து நின்று கத்தியது. தலைவர் ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏல, நான் எப்பிடில ஜெயிச்சேன்?"

அப்பா மைக்கிடம் போனார். "நடுவர் அவர்களே, உங்களைவிட நல்ல சாட்சி எனக்கு வேண்டாம்."

மாமாவின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவர் ஒயரைக் கழற்றக் குனிந்தார். நான் எழுந்தேன். அம்மா என் பாவாடையைப் பிடித்தாள். இழுத்த இழுப்பில் ஊக்கு ஒன்று தெறித்தது. நான் மேடைக்குப் போய்விட்டேன்.

"நான் ஆடுறேன்" என்றேன்.

"ஏட்டி, போயி உக்காரு" என்றார் மாமா. அவர் என்னை அதட்டியது அதுதான் முதல் முறை.

தலைவருக்கு வேடிக்கையாக இருந்தது. "சின்னப்பிள்ள ஆசப்படுது, ஆடட்டும்ல" என்றார். என் பக்கத்தில் உட்கார்ந்து மறுபடி மாவு பிசைந்தார். நான் என் ஆளைத் திரையின் ஓரமாக ஒதுக்கி நிறுத்தினேன். பொத்தான்களைக் கண்டபடி அமுக்குகிறவன் குதித்துக்கொண்டே இருப்பான். குதித்தவன் கீழே வரும்போது காலைத் தட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். மூன்று முறை குதித்தார், மூன்று முறையும் தட்டினேன். அவருடைய ஆள் எழவில்லை.

அடுத்து தையல்காரரின் மகனை அவருடைய அப்பாவே பிடித்துத் தள்ளினார். அவன் நன்றாக ஆடுகிறவன். என் கட்டைவிரல் வியர்வையில் வழுக்கியது. முதல் ரவுண்டு அவனுக்குப் போனது. மாமா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது ரவுண்டில் அவனுக்கு இடது பக்கம் நின்றால் தடுக்க வராது என்று கண்டுகொண்டேன். அது எனக்கு. மூன்றாவதும் எனக்கு. "ரிமோட் கராப் ஹை" என்று அவன் முனகினான். ரிமோட்டை மாற்றிக் கொடுத்தார்கள். எனக்குத் திரையில் சண்டை போடும் ஆளையும் கூட்டமே தேர்ந்தெடுத்தது. யாரும் எடுக்காத கிழவன் ஒருவனைக் கொடுத்தார்கள். கிழவனை வைத்தும் ஜெயித்தேன். பிறகு ஒரு வாலிபர், இன்னொருவர். பிறகு யாரும் வரவில்லை.

"கைதாம்ல" என்றார் தலைவர், பாதி தனக்குத்தானே.

கைதட்டினார்கள். நான் அப்பாவைப் பார்த்தேன். விதிப்படி கடைசிப் பேச்சு அவருடையது. அவர் மைக்கை விட்டு விலகி என் அருகே வந்து குனிந்தார். மேடைக் குரலில் அல்ல, வீட்டில் பேசுகிற குரலில் கேட்டார்.

"எங்கட்டி படிச்ச இத?"

அப்பாவின் முகத்தில் இருந்தது பெருமை என்று நினைத்தேன். மைக் எனக்குப் பக்கத்தில் இருந்தது. பேச்சுப் போட்டியில் சொல்லிக் கொடுத்தபடி நிமிர்ந்து நின்று, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"மாமா கடைல. தெனமும் மத்தியானம் சாப்பாடு கொண்டு போவேம்லா, மாமா சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் ஆடுவேன். மூணாங்கிளாஸ்ல இருந்தே ஆடுறேன்."

கைதட்டல் வரும் என்று காத்திருந்தேன். பெண்கள் வரிசையில் ஒருத்தி தன் மகளைத் திரும்பிப் பார்த்து, "நீயும் அங்க போறியாட்டி?" என்றாள். இன்னொருத்தி தன் மகனைப் பார்த்தாள். தையல்காரர் முதல் முறையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். மாமா எனக்கு முதுகைக் காட்டியபடி ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றி முடித்ததை அவிழ்த்து மறுபடி சுற்றினார்.

அப்பா மைக்கிடம் திரும்பிப் போனார். "நான் பேச வேண்டியது முடிந்தது" என்றார். அவருக்கு இன்னும் நேரம் இருந்தது.

தலைவர் கமிட்டி ஆட்கள் இருவரிடம் தலையைச் சாய்த்துப் பேசினார். பிறகு தீர்ப்புச் சொன்னார். "சூது இல்ல. கைத்திறம. நம்ம பிள்ளையே காட்டிட்டுது. மத்தத கமிட்டி பேசிக்கிடும்."

மற்றது என்றால் எது என்று நான் கேட்கவில்லை. ஓடிப்போய் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். ஜெயிச்சிட்டோம் மாமா, ஜெயிச்சிட்டோம் என்று திரும்பத் திரும்பச் சொன்னது நினைவிருக்கிறது. அவர் என் தலையில் கையை வைத்தார். "ஆமா ஜெயிச்சிட்ட" என்றார். "நல்லா ஆடுன." அவர் ஏன் "ஜெயிச்சிட்டோம்" என்று சொல்லவில்லை என்று அன்று நான் யோசிக்கவில்லை.

தீர்ப்பு மாமாவின் பக்கம் என்று சங்கத்துப் பலகையில் அன்றே எழுதிப் போட்டார்கள்.

மறுநாள் காலை சங்கச் செயலாளர் வந்து கடைச் சாவியை வாங்கிக்கொண்டு போனார்.